ஜோஜோ யாருக்கு போன் பண்றான்? – ‘கௌபாய்’ என்ற டச்சுப் படத்தைப் படித்தல்

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இது விமர்சனம் இல்லை, பாடம். அதனால ஸ்பாய்லர் இருக்கு. படத்தோட நீளம் 81 நிமிஷம்தான்; பாத்துட்டு வந்து படிச்சா ரொம்ப நல்லது. பாக்காம படிச்சாலும் பெரிய நஷ்டம் இல்லை, ஏன்னா ஒரு ரகசியத்தை மட்டும் நம்பி நிற்கிற படம் இல்லை இது. ரகசியம் தெரிஞ்ச பிறகு இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் முழுசா திறக்குது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் கடைசி வரைக்கும் சொல்லப் போறதில்லை: அந்தப் பறவைக்கு என்ன ஆகுதுன்னு.

படம் ‘கௌபாய்’. நெதர்லாந்தில் எடுக்கப்பட்டு 2012-ல் வெளியானது. பெயரைக் கேட்டதும் குதிரை, துப்பாக்கி, தொப்பி என்று நினைப்பீர்கள். டச்சு மொழியில் ‘கௌ’ என்றால் காக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னப் பறவை. ஆங்கிலத்தில் ஜாக்டா என்பார்கள். அந்தப் பறவையை வளர்க்கிற பையன், அதனால் கௌ-பாய். கூடவே அவனுடைய அம்மா கன்ட்ரி இசைப் பாடகி. அமெரிக்க மாட்டுக்கார வாசனை அந்த வழியாகவும் பெயருக்குள் வந்துவிடுகிறது. நமக்கு சப்டைட்டிலில் இந்த ரெட்டை அர்த்தம் தொலைந்துபோகும், அதனால்தான் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இயக்கியவர் பௌடவைன் கோலே. இது அவருடைய முதல் முழுநீள சினிமா. நம்ம காலேஜ் வாசகர்களுக்காக ஒரு தகவல்: இவர் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் டிசைன் படித்தவர். அதற்கப்புறம்தான் ஆவணப்படங்கள், டிவி, சினிமா. இன்ஜினியரிங் படிச்சுட்டு படம் எடுக்கப் போறது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லைங்க.

கதையை நாலு வரியில் சொல்லிடலாம். ஜோஜோவுக்குப் பத்து வயசு. அப்பா ரொனால்ட் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அம்மா அமெரிக்காவில் பாடல் சுற்றுப்பயணத்தில் இருக்கிறாள். ஜோஜோ அவளோடு போனில் பேசிக்கொண்டே இருக்கிறான். ஒருநாள் கூட்டிலிருந்து விழுந்த ஒரு ஜாக்டா குஞ்சு அவனுக்குக் கிடைக்கிறது. அதற்கு ஜாக் என்று பெயர் வைத்து, அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டில் வளர்க்கிறான். மிருகமும் பறவையும் வெளியே இருக்க வேண்டியவை, வீட்டுக்குள் இடமில்லை என்பது அப்பாவின் சட்டம். இதற்கு நடுவில் அம்மாவின் பிறந்தநாள் வருகிறது. கொண்டாடணும் என்கிறான் ஜோஜோ. அப்பா கூடாது என்கிறார். அதுவும் சாதாரணமா இல்லை, வெடித்துவிடுகிறார்.

ஸ்பாய்லர் இங்கேதான். அம்மா அமெரிக்காவில் இல்லை. அவள் இறந்துவிட்டாள். போனின் மறுமுனையில் யாரும் கிடையாது.

இனி பாடத்துக்கு வருவோம்.

மனைவி போனபிறகு தனியாகப் பிள்ளை வளர்க்க நேர்கிற அப்பாவைப் பற்றிய படங்களுக்கு ஒரு இலக்கணம் இருக்கு. அதை எல்லாருக்கும் பழக்கியது 1979-ல் வந்த ஹாலிவுட் படமான ‘கிராமர் வெர்சஸ் கிராமர்’. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. டஸ்டின் ஹாஃப்மன் நடித்த டெட், விளம்பர நிறுவனத்தில் வேலையே உலகம் என்று இருப்பவர். மனைவி கிளம்பிப் போய்விடுகிறாள். மறுநாள் காலை மகனுக்கு பிரெஞ்ச் டோஸ்ட் செய்யப் போய் அடுப்படியையே போர்க்களமாக்குகிறார். படத்தின் முடிவுக்குப் பக்கத்தில் அதே பிரெஞ்ச் டோஸ்ட்டை அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசாமல், கை கோத்த மாதிரி, கச்சிதமாகச் செய்கிறார்கள். ஒரு சமையல் வேலையை இரண்டு முறை காட்டி, நடுவில் ஒரு மனுஷன் எவ்வளவு மாறினான் என்று அளந்து காட்டிவிட்டார் இயக்குநர் ராபர்ட் பென்டன். திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் அந்த இரண்டு காட்சிகளையும் தனியாக வெட்டி வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு சுத்தமான வேலை.

அதற்கப்புறம் வந்த நிறைய அப்பா படங்கள் இந்த டெம்ப்ளேட்டைத்தான் ஓட்டின. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. சட்டை சுருங்கும், பால் பொங்கும், ஸ்கூலுக்கு லேட்டாகும், நாம சிரிப்போம். பிறகு கத்துக்குவார், நாம அழுவோம். இதன்படி அப்பாவாக இருப்பது ஒரு திறமை. பயிற்சி எடுத்தால் வந்துவிடும்.

‘கௌபாய்’ இந்த டெம்ப்ளேட்டைத் தொடவே இல்லை. சம்பவம் நடந்த நாளை அது நமக்குக் காட்டுவதில்லை. ஆஸ்பத்திரியோ இறுதிச் சடங்கோ வைத்து ஆரம்பிக்கவில்லை. அது எல்லாம் முடிந்து, வீடு ஏதோ ஒரு வகையில் ஓடிக்கொண்டிருக்கிற கட்டத்தில் நம்மை உள்ளே விடுகிறது. ஓட்டுகிறவன் பெரும்பாலும் ஜோஜோ. வீட்டுவேலையைத் தூக்கிச் சுமக்கிறவன் அவன்; அப்பாவின் முகம் இன்றைக்கு எப்படி இருக்கு என்று பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்கிறவனும் அவன். வேறு படங்களில் அப்பா பிள்ளையை வளர்க்கக் கற்றுக்கொள்கிறார். இங்கே பத்து வயசுப் பையன் ஒரு அப்பாவைச் சமாளிக்கக் கற்றுவைத்திருக்கிறான்.

அப்போ இந்த அப்பாவுக்குத் தெரியாதது என்ன? சமைக்கத் தெரியாததோ துவைக்கத் தெரியாததோ இல்லை. ஒரே ஒரு வாக்கியம். “அம்மா செத்துப் போயிட்டாங்க.” அதை மகனோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. படம் முழுக்க அந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் போகிறது. சொல்லாமல் வைத்திருப்பதால் அது வேறு வேறு உருவத்தில் வெளியே வருகிறது: கோபமாக, தடையாக, கத்தலாக, சில நேரம் எதிர்பாராத விளையாட்டாகவும் கூட.

போனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், படத்தின் மொத்த இன்ஜினும் அதற்குள்தான் இருக்கு.

ஒரு கதாபாத்திரம் போனில் பேசுவதைக் காட்டும்போது சினிமாவுக்கு இரண்டு வழி உண்டு. மறுமுனைக் குரலை நமக்குக் கேட்கவிடலாம், இல்லை விடாமல் இருக்கலாம். கேட்கவிடாவிட்டால் நாமே அந்தக் குரலை நிரப்பிக்கொள்வோம். இது பார்வையாளனுக்கு அத்தனை பழகிப்போன விஷயம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு பையன் போனை எடுத்து ‘அம்மா’ என்றால், மறுபக்கம் அம்மா இருக்கிறாள், முடிஞ்சது. நம் பழக்கத்தையே கோலே நம் மீது பயன்படுத்துகிறார். அவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் நம்பினோம்.

திடீர்த் திருப்பத்துக்காகவே எடுக்கிற படங்களில் இந்த மாதிரித் தந்திரம் வெளிப்படும்போது ஒரு ‘அடடா’ வரும், அதோடு தீர்ந்துவிடும். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், தந்திரம் முதலில் இயக்குநருடையது இல்லை, ஜோஜோவுடையது. அவன் ஏற்கனவே தனக்குத்தானே கட்டி வைத்திருக்கிற ஏற்பாட்டுக்குள் நம்மையும் கொஞ்ச நேரம் குடியிருக்க விடுகிறான். நாம் ஏமாந்தது அவன் வாழ்கிற மாதிரியே கொஞ்ச நேரம் வாழ்ந்ததால். நம்ம பாஷையில் சொன்னா வொர்க்அரவுண்ட். மெயின் லைன் கட்டாகிவிட்டது; வீட்டில் அதைப் பற்றிப் பேச அனுமதி இல்லை; பையன் பக்கவாட்டில் ஒரு இணைப்பு இழுத்துக்கொண்டான். என்ன, ஃபீட்பேக் வராத இணைப்பு.

இது பைத்தியக்காரத்தனமா? படத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து இந்தக் கேள்வியைப் பார்க்கணும்.

துக்கத்தைப் பற்றி நவீன உளவியலில் நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்த கருத்து ஒன்று உண்டு. 1917-ல் ஃப்ராய்ட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. இறந்தவரிடம் நாம் வைத்திருந்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். அதுதான் துக்கம் செய்கிற வேலை என்பது அதன் சாரம். பின்னால் வந்தவர்கள் இதை இன்னும் கறாராக்கினார்கள்: விட்டுவிட்டவன் குணமானவன், பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு ஏதோ கோளாறு. 1996-ல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன் மூவரும் தொகுத்த புத்தகம் ஒன்று வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘தொடரும் பிணைப்புகள்’. பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் பிள்ளைகளை இழந்த பெற்றோரையும் கவனித்துப் பார்த்தால், பெரும்பாலும் யாரும் உறவை வெட்டிவிடுவதில்லை. இறந்தவரோடு மனசுக்குள் பேசுகிறார்கள், அவர் பொருளை வைத்துக்கொள்கிறார்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். இது நோய் அல்ல, உறவு வேறு வடிவத்துக்கு மாறுகிறது என்று அந்தப் புத்தகம் வாதிட்டது.

ரொனால்டும் ஜோஜோவும் இந்த இரண்டு கருத்துக்கும் உயிர் கொடுத்த மாதிரி எனக்குத் தெரிகிறார்கள். இயக்குநர் இதையெல்லாம் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படம் அப்படி நிற்கிறது. அப்பா, அவளைப் பற்றிப் பேசாமல் இருந்தால் தாண்டிவிடலாம் என்று நினைக்கிறார். பையன், பேசிக்கொண்டே இருந்தால் அவள் இருப்பாள் என்று நினைக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிர் வேலை பார்க்கிறார்கள். பிறந்தநாள் வரும்போது இரண்டும் நேருக்கு நேர் மோதுகிறது. ஒரு குழந்தை பலூனும் கேக்குமாக யோசிப்பது, இவருக்குக் காயத்தைக் கிளறுவதாகப் படுகிறது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு, அதனால்தான் அந்த மோதல் வலிக்குது.

படம் போன் பேசுவதைக் கேலி செய்யவில்லை, ‘நிஜத்தை ஏத்துக்கோ’ என்று அவனைத் திருத்தக் கிளம்பவும் இல்லை. தப்பு அவன் இறந்தவளோடு பேசுவதில் இல்லை. தனியாகப் பேசுவதில்தான் இருக்கு. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து ‘எனக்கும் அவகிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்றிருந்தால், அந்த போனுக்கு அவசியமே வந்திருக்காது.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததைக் கேளுங்க. ஜப்பானில் இவாத்தே மாகாணத்தில் ஓட்சுச்சி என்ற கடலோர ஊர். இடாரு சசாகி என்பவர் 2010-ல் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு வெள்ளை டெலிபோன் பூத் வைத்தார். உள்ளே எந்த லைனும் இணைக்கப்படாத பழைய டயல் போன். இறந்துபோன தன் உறவினரோடு பேசுவதற்காக வைத்தது. 2011 மார்ச் 11 சுனாமி அந்த ஊரையே அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் யாரையாவது பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்த போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். காற்றின் தொலைபேசி என்று அதற்குப் பெயர். வந்து பேசியவர்களில் பெரியவர்களும் உண்டு, லைன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். படத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஜோஜோ செய்தது குழந்தைத்தனம் மட்டும் என்று இனி சொல்ல முடியாது, இல்லையா?

இப்போ பறவை. ஏன் ஜாக்டா? கிளி இருக்கு, புறா இருக்கு. ஒரு நாய்க்குட்டி வைத்திருந்தால் இன்னும் சுலபமாக அழ வைத்திருக்கலாம்.

ஜாக்டா காக்கைக் குடும்பத்தில் சின்ன உறுப்பினர். கறுப்பு உடம்பு, பிடரியில் சாம்பல் நிறம், வளர்ந்த பறவைக்கு வெளிர் வெள்ளி நிறக் கண். மரப்பொந்து, பாறை இடுக்கு, வீட்டுப் புகைபோக்கி, சர்ச் கோபுரம் என்று ஓட்டை கிடைத்த இடத்தில் கூடு வைக்கும். மனுஷன் இருக்கும் இடத்தை விட்டு விலகாது. பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஒரே ஜோடி. பெண் பறவை சுமார் 18 நாள் அடைகாக்கும். அந்த நாட்களில் ஆண் பறவை இரை கொண்டுவந்து அதற்கு ஊட்டும். குஞ்சு பொரித்ததும் இரண்டும் சேர்ந்துதான் தீனி கொடுக்கும். அதாவது இந்தப் பறவையின் குடும்பமே இரண்டு பேர் பங்கெடுத்தால் ஓடுகிற ஏற்பாடு. ஒருவர் குறைந்தால் எவ்வளவு கஷ்டம் என்பதை யாரும் வசனத்தில் சொல்லத் தேவையில்லை.

கோன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1973-ல் கார்ல் ஃபான் ஃபிரிஷ், ஹேக் நகரில் பிறந்த நிக்கோ டின்பெர்கன் இருவரோடும் சேர்ந்து நோபல் வாங்கியவர். அவருடைய ஆராய்ச்சிக்கு ஆரம்பமே கையால் ஊட்டி வளர்த்த ஜாக்டாக்கள்தான். மனிதன் வளர்த்த குஞ்சு மனிதனையே தன் இனமாக எடுத்துக்கொள்ளும் என்பதை அவர் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். அவரிடம் வளர்ந்த ஓர் ஆண் ஜாக்டா, புழுவை மென்று கூழாக்கி அவர் வாயில் ஊட்ட வருமாம். வாயை மூடிக்கொண்டால் விடாது, காதில் திணித்துவிடும்! சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். ஊட்டியவனுக்கே திருப்பி ஊட்டும் பறவை அது. அப்பாவைக் கவனித்துக்கொள்கிற பிள்ளை கதைக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடைக்குமா என்ன.

இன்னொன்றும் உண்டு. கையால் வளர்க்கப்பட்ட ஜாக்டாக்கள் மனிதரின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் புரிந்து நடக்கின்றன என்று 2009-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் கண்ணைப் பார்த்து நடக்கத் தெரிந்த பறவை. ஜோஜோ வீட்டில் அவனை அப்படிப் பார்க்க ஆள் இல்லை. ரிக் லென்ஸ் என்ற சிறுவன் ஜோஜோவாக நடித்திருக்கிறான். அவனும் பறவையும் ஒருவரை ஒருவர் பார்க்கிற இடங்களில் நடிப்பு என்பதே தெரியவில்லை. உண்மையில் ஒரு பக்கம் நடிப்பே இல்லையே.

இந்த இடத்தில் கென் லோச்சின் ‘கெஸ்’ ஞாபகம் வரும். 1969-ல் வந்த பிரிட்டிஷ் படம், சுரங்க ஊர்ப் பையன் ஒரு வல்லூறைப் பழக்குகிற கதை. இரண்டையும் ஒப்பிட்டு யாராவது பேசினால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், வித்தியாசம் முக்கியம். ‘கெஸ்’ஸில் பையனை நசுக்குவது ஊர், பள்ளிக்கூடம், வர்க்கம். பறவை அவனுக்கு வெளியே போகிற வானம். ‘கௌபாய்’யில் வில்லன் என்று யாருமே கிடையாது. பறவை வெளியே இருந்து வீட்டுக்குள் கொண்டுவரப்படுகிறது. கூட்டிலிருந்து விழுந்த ஒன்றை வளர்க்க வேண்டிய பொறுப்பு, எந்தப் பயிற்சியும் இல்லாமல், திடீரென்று ஒருவன் மேல் விழுகிறது. ரொனால்டுக்கு நடந்ததும் அதேதானே? ஜாக் விஷயத்தில் ஜோஜோ தனி ஆளாக வளர்க்கிற அப்பா. தன் அப்பா தன்னிடம் எப்படி இருந்திருக்கலாம் என்பதை அவன் ஒரு குஞ்சுப் பறவையிடம் செய்து காட்டிக்கொண்டிருக்கிறான், அதுவும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால். படத்தில் எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்பு இது. டெல்ஃப்ட்டில் படித்தது வீண் போகவில்லை.

ரொனால்டாக நடித்த லூக் பீட்டர்ஸைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். இந்த வேடம் சுலபமாக ‘கெட்ட அப்பா’ ஆகியிருக்கும். கேமரா பெரும்பாலும் பையனோடேயே இருப்பதால், அப்பாவுக்குத் தன் தரப்பைச் சொல்லத் தனிக் காட்சிகள் அதிகம் இல்லை. அவர் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறார், அழுகிறாரா, நமக்குத் தெரியாது. ஜோஜோவுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும். ஒரு குழந்தைக்குப் பெரியவரின் துக்கம் எப்படித் தெரியும்? துக்கமாகத் தெரியாது. கோபமாகத்தான் தெரியும். கதவு சாத்துகிற சத்தமாக, பதில் வராத கேள்வியாகத் தெரியும். பீட்டர்ஸ் இந்தக் கோபத்தை மென்மையாக்கவில்லை. பயமாகவே இருக்கிறது. அதே சமயம் அந்த உடம்பில் ஒரு சோர்வை வைத்திருக்கிறார் பாருங்க, அதனால் வெறுக்கவும் முடியவில்லை. மற்றவர் சொத்துக்குக் காவல் காக்கிற வேலை, வீட்டில் எதைக் காப்பது என்று தெரியாத மனுஷன். இதை நான் கொஞ்சம் அதிகமாக வாசிக்கிறேனோ என்னவோ, விட்டுவிடுங்கள்.

நெதர்லாந்து போல சமூகப் பாதுகாப்பு உள்ள நாட்டில் இவருக்கு உதவியே இல்லையா என்று ஒரு கேள்வி வரும். அந்த ஊர் சட்டத்தின் வரலாறு இங்கே சுவாரசியமானது. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் உதவித்தொகை தர அங்கே 1959-ல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அதன் பெயரிலேயே இருந்தவர்கள் இரண்டே தரப்பு: விதவைகள், அனாதைகள். மனைவியை இழந்த ஆணுக்கு அதில் இடமே கிடையாது. ஆண் சம்பாதிப்பவன், அவன் சமாளிப்பான் என்ற கணக்கு. 1988 டிசம்பரில்தான் மேல்முறையீட்டு மன்றம் ஒன்று, ஆண்களுக்கும் இது சேரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 1996 ஜூலையில் இரு பாலருக்கும் பொதுவான புதுச் சட்டம் வந்தது. அதாவது ‘மனைவியை இழந்த அப்பா’ என்றொரு மனிதன் இருக்கிறான் என்பதையே காகிதத்தில் எழுத ஒரு வளர்ந்த நாட்டுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அதே மாதிரி, பிள்ளை பிறந்தால் அப்பாவுக்குச் சம்பளத்தோடு லீவு எவ்வளவு தெரியுமா? இந்தப் படம் வந்த காலத்தில் இரண்டே நாள். 2019-ல் ஒரு வாரம் ஆனது, 2020 ஜூலையிலிருந்து கூடுதலாக ஐந்து வாரம் வரை எழுபது சதவீத ஊதியத்தோடு எடுக்கலாம் என்றார்கள். ரொனால்டின் காலத்து அப்பாக்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டு வேலைக்குப் போனவர்கள். பத்து வருஷம் கழித்து முழுப் பொறுப்பும் கையில் வந்து விழுந்தால் தடுமாறத்தான் செய்வார்கள்.

படத்தில் இதெல்லாம் வசனமாக வராது. நல்லவேளை.

கேமராவைப் பற்றி ஒரு குறிப்பு. ஒளிப்பதிவு டானியல் பூகே. கேமரா பையனின் உயரத்துக்கு இறங்கி வந்து, அவன் பின்னாலேயே ஓடுகிறது. ஆவணப்படம் எடுத்துப் பழகிய இயக்குநரின் கை இதில் தெரிகிறது. கோடை வெளிச்சம், பச்சை வயல், தண்ணீர் என்று ஒவ்வொரு ஃப்ரேமும் அழகு. துக்கப் படம் என்றால் மழையும் இருட்டும் வேண்டும் என்று யார் சொன்னது? வெளியே இத்தனை வெயில் அடிக்கும்போது ஒரு வீட்டுக்குள் மட்டும் பேச்சு நின்றுபோயிருப்பது இன்னும் உறுத்துகிறது. நம்ம ஷார்ட் ஃபிலிம் ஆட்கள், சோகம் என்றதும் கலர் கிரேடிங்கில் நீலத்தைக் கொட்டுகிறவர்கள், இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குறை இல்லையா? இருக்கு. ஜோஜோ வாட்டர் போலோ விளையாடுகிறான்; அங்கே யென்தே என்ற பெண்ணோடு நட்பு வருகிறது. காட்சிகள் இனிமையாகத்தான் இருக்கு. ஆனால் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை எழுதப்படவில்லை, ஜோஜோவுக்கு ஆறுதலாக மட்டும் நிற்கிறாள். அப்புறம், கடைசிப் பகுதியில் அப்பாவும் மகனும் நெருங்குவது எனக்கு ஒரு படி வேகமாகப் பட்டது. இத்தனை நாள் பூட்டியிருந்த கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்குமா? என் ரூம்மேட் ஒத்துக்கொள்ளவில்லை. 81 நிமிஷம் கதவைத் தட்டியது போதாதா என்கிறான்.

அம்மாவாக வரும் ரிக்கி கோலே நிஜத்திலும் பாடகிதான். அதனால் அவள் குரல் படத்தில் கேட்கும்போது ஒரு நடிகைக்கு இரவல் கொடுத்த குரலாக இல்லை. இறந்தவர்களில் பாடகிகளுக்கு மட்டும் ஒரு சலுகை: குரல் மிச்சமிருக்கும். வீட்டில் ஒரு ரெக்கார்டைப் போட்டால் அவள் வந்துவிடுவாள். அதுதான் பையனுக்கு வரம், அப்பாவுக்குச் சித்திரவதை.

பரிசுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 பெர்லின் திரைப்பட விழாவில் குழந்தைகளுக்கான ஜெனரேஷன் பிரிவில் திரையிடப்பட்டு அந்தப் பிரிவின் பெரிய பரிசுகளில் ஒன்றை வாங்கியது. அதோடு நிற்காமல் மொத்த விழாவின் சிறந்த முதல் படம் விருதையும் தூக்கிக்கொண்டு போனது. குழந்தைகள் படம் என்று ஓரமாக வைக்கப்படும் ஒன்றுக்குப் பெரியவர்கள் பிரிவுகளையும் தாண்டி அந்த விருது கிடைத்ததைக் கவனியுங்கள். அதே ஆண்டு ஐரோப்பியத் திரைப்பட அகாடமியின் புதுமுகக் கண்டுபிடிப்பு விருது. நெதர்லாந்து தன் சார்பாக ஆஸ்கருக்கு அனுப்பியதும் இதைத்தான், நாமினேஷன் கிடைக்கவில்லை. இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இளம் பார்வையாளர் விருது. ஐரோப்பிய அகாடமி அதை முதன்முதலாக வழங்கியதே 2012-ல்தான். பல ஊர்களில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகள் ஒரே நாளில் படங்களைப் பார்த்துவிட்டு ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முதல் வருஷம் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது இந்தப் படம். மரணத்தைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசக்கூடாது, பயந்துடுவாங்க என்று நினைக்கிற பெரியவர்களுக்கு அவர்களே கொடுத்த பதில்.

ஃபிலிம் கிளப்பில் இதைத் திரையிடுவதாக இருந்தால் சில யோசனைகள். முதல் தடவை யாருக்கும் எதுவும் சொல்லாமல் போட்டுவிடுங்கள். முடிந்ததும் உடனே கலந்துரையாடல் என்று மைக்கை நீட்டாதீர்கள், அறையில் யாருடைய வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. பேச விரும்புகிறவர்கள் பேசட்டும், எழுந்து போகிறவர்களைப் போகவிடுங்கள். இரண்டாவது தடவை போன் காட்சிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒருமுறை சத்தத்தோடு, ஒருமுறை சத்தமில்லாமல். எந்த இடத்தில் நமக்கு முதல் சந்தேகம் வந்திருக்கணும், ஏன் வரல என்று தேடுங்கள். பிறகு அப்பாவை மட்டும் பின்தொடருங்கள்: ஜோஜோ போனில் பேசுவது அவருக்கு எப்போது தெரியும்? தெரிந்த பிறகும் ஏன் தடுக்கவில்லை, அல்லது எப்படித் தடுத்தார்? பறவை வீட்டில் இருப்பது தெரியும் முன்னும் பின்னும் அவர் மகனோடு நிற்கிற தூரம் மாறுகிறதா? திரைக்கதையை கோலேவோடு சேர்ந்து எழுதியவர் யோலைன் லார்மன். இந்த இருவரும் அப்பாவின் வாயில் எத்தனை இடத்தில் மனைவியின் பெயரை வைத்தார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். சப்டைட்டிலை நம்பாமல் காதை வைத்து எண்ணணும், டச்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயர்தானே.

அவள் பெயர் ரோனி.